கழகம் கொடுத்த சக்கர நாற்காலி

"காலை அசைக்காதையுங்கோ தம்பி, படம் பிழைச்சுப் போயிடும்," என்று சேவைக் கழகத் தலைவர் இராசநாயகம் காதுக்குள் சொன்னார்.

புதுச் சக்கர நாற்காலியில் தயாபரன் ஆடாமல் இருந்தான். எத்தனையோ பேரைக் கெஞ்சிக் கிடைத்த நாற்காலி. இன்றைக்கு எப்படியும் இதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

"முகத்தைக் கொஞ்சம் கவலையா வையுங்கோ அண்ணை," என்றான் படம் எடுப்பவன்.

செயலாளர் பொன்னாடை போர்த்தினார். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இனி இவர்கள் போக முடியாத இடம் என்று ஒன்றில்லை!"

சபை கைதட்டி ஓய்ந்தது. தயாபரன் எழுந்தான். நாற்காலியை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படிகளில் விறுவிறுவென்று இறங்கினான். வாசலில் நின்ற ஓட்டோவுக்குள், நடக்க இயலாத அவன் மனைவி உதயகலா காத்திருந்தாள்.

"ஏனப்பா, என்னையெல்லோ வரச் சொன்னவை?"

"உம்மை மேலை ஏத்த வழியில்லையாம். அதுதான் என்னை இருத்திப் படம் எடுத்தவை."

மேல்மாடி யன்னலால் தலைவர் எட்டிப் பார்த்துக் கையசைத்தார்.

"தங்கச்சி, வாற மாதம் உங்களைப் போல ஆக்களுக்கு விருந்து வைக்கிறம். கட்டாயம் வரவேணும். இதே மண்டபம்தான்!"