மழையோடு இறங்கிய எண்

மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. தபால்காரி தன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, கைப்பிடியில் கட்டிய பெட்டியையே கண்கொட்டாமல் பார்க்கிறாள். போகிற தெருவிலெல்லாம் காற்றின் தூசியை அளக்க ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டிவிட்ட பெட்டி அது. காலையில் இருநூறில் சிவந்து நின்ற எண், மழையோடு படிப்படியாக இறங்கி, இருபத்தெட்டில் பச்சையாக நிற்கிறது. இத்தனை மாதத்தில் அவள் காணாத பச்சை. மேல்மாடி ஜன்னலின் இடுக்கெல்லாம் தூசி நுழையாமலிருக்க டேப் ஒட்டியிருக்கிறது. உள்ளே மூச்சிழுப்புக்கார அக்கா. தபால்காரி அவளைப் போனில் கூப்பிடுகிறாள். “அக்கா, டேப்பப் பிரிச்சு ஜன்னலத் தொற. இருபத்தெட்டு காட்டுது.” “பெட்டி நனைஞ்சு கெட்டுப்போயிருக்கும்டி.” “நனைஞ்சது நான்தான். தொற அக்கா.” டேப் கிழிகிற சத்தம் போன் வழியே கேட்கிறது. ஜன்னல் திறக்க, ஈர வெளிச்சத்துக்குள் அக்காவின் முகம் வருகிறது. ஒரு மூச்சை மெல்ல, நெஞ்சு நிறைய இழுக்கிறாள். விட மனமில்லாமல் அப்படியே வைத்திருக்கிறாள்.