அழ வராது என்று ஒரு சான்றிதழ்

“சொட்டு மருந்து அப்புறம் குடுங்க டாக்டர். முதல்ல எனக்கு அழ வராதுன்னு ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடுங்க.”

டாக்டர் சினெலோ நிமிர்ந்து பார்த்தாள். நைஜீரியாவின் என்சுக்கா ஊரில் கண் கிளினிக் வைத்த ஆறு வருஷத்தில் டிரைவிங் லைசென்ஸுக்குச் சான்றிதழ் கேட்டவர்கள் உண்டு; பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடக் கேட்டவர்களும் உண்டு. அழ வராததற்குக் கேட்ட முதல் ஆள் இந்த ஒபியாகெலிதான். ஐம்பது வயதிருக்கும். சந்தையில் மரவள்ளி மாவு விற்பவள். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தன.

“டிசம்பர் புழுதிக்காத்துக்கு எல்லாருக்கும் இப்படித்தான்மா காயும். வெந்நீர்த் துணியால ஒத்தடம் குடுங்க, ஃபேனுக்கு நேரா உக்காராதீங்க, கண்ணை அடிக்கடி சிமிட்டுங்க.”

அன்று காலையிலிருந்து பதினோராவது தடவையாக இதைச் சொல்கிறாள்.

“புழுதி இந்த மாசம் வந்தது. என் கண்ணு காஞ்சு நாலு வருஷமாச்சு. வெங்காயம் உரிச்சாலும் தண்ணி வராது.”

“வாய் காயுதா?”

“தண்ணி குடிக்காம ரொட்டி இறங்காது.”

“மூட்டு வலி?”

“காலைல விரல் மடங்காது. அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

பன்னிரண்டாவது தடவை அதே பாட்டைப் பாட சினெலோவுக்கு மனம் வரவில்லை. மெல்லிய காகிதப் பட்டைகள் இரண்டை எடுத்து, கீழ் இமைக்கு ஒன்றாகச் செருகினாள்.

“அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு இருங்க. பட்டை எவ்வளவு நனையுதுன்னு பாப்போம். சர்டிபிகேட் யாருக்கு?”

“என் நாத்தனாருங்களுக்கு. ஏழு பேரு.” கண்ணிலிருந்து இரண்டு காகிதம் நீட்டிக்கொண்டிருக்க, ஒபியாகெலி சாவகாசமாகப் பேசினாள். “புருஷன் சாவுல பொண்டாட்டி அழணும்ல. விடியக்காலைல நாலு வீட்டுக்குக் கேக்கற மாதிரி அழணும். அவங்க சுத்தி உக்காந்து முகத்தையே பாப்பாங்க.”

சினெலோவின் குரல் தணிந்தது. “ஐயோ, மன்னிச்சுக்குங்கம்மா. எனக்குத் தெரியாது. அடக்கம் எப்ப?”

“இன்னும் நாள் குறிக்கலை.”

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. லாகோஸிலிருந்து மகன் வர வேண்டும், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், பந்தலுக்குச் சொல்ல வேண்டும் என்று இந்தப் பக்கத்துப் பிணங்கள் சவக்கிடங்கில் மாதக்கணக்கில் பொறுமையாகக் காத்திருப்பது வழக்கம்.

“சத்தம் போட்டு அழுதாப் போதாதா?”

“மாமனார் செத்தப்ப போட்டுப் பாத்தேன். சத்தம் வருது, தண்ணி எங்கன்னு கேட்டாங்க. தொடையில கிள்ளிப் பாத்தாங்க. தொடை சிவந்துச்சு, கண்ணு சிவந்துச்சு, அவ்வளவுதான். மாமனாருக்கே அந்தப் பாடு. புருஷனுக்கு வரலைன்னா, நீதான் கொன்னேம்பாங்க. பிணத்தைக் கழுவின தண்ணியைக் குடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க. அப்புறம் வீட்டை விட்டுத் துரத்துவாங்க.”

“அதையெல்லாம் சட்டம் தடை பண்ணியாச்சே.”

“சட்டம் என்சுக்கா வரைக்கும் வந்திருக்கு டாக்டர். எங்க ஊருக்கு ரோடு சரியில்ல.”

சினெலோவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு மணி பார்த்தாள்.

“பேப்பரைக் காட்டினா நம்புவாங்களா?”

“மூத்த நாத்தனார் ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ். சீல் வச்ச பேப்பர்னா நின்னுக்கிட்டே படிப்பா. அவ அடங்கினா மத்த ஆறும் அடங்கிரும்.” சற்று நிறுத்தினாள். “எனக்கு அழணும்னுதான் இருக்கு டாக்டர். நெஞ்சு வெடிச்சுடும் போல இருக்கு. கண்ணுதான் கேக்க மாட்டேங்குது.”

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்துக் கோடு தாண்டி நனைந்திருக்க வேண்டிய பட்டைகளில் இரண்டாவது கோட்டுக்கே ஈரம் எட்டவில்லை.

“உங்க உடம்பே கண்ணீர் ஊறற இடத்தை அடைச்சு வச்சிருக்கும்மா. அப்படி ஒரு வியாதி இருக்கு. ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தரேன். அதுவரைக்கும் இந்தச் சொட்டு மருந்தை விடுங்க, ஓரம் மூடின கண்ணாடி போடுங்க. எரிச்சல் குறையும்.”

“எரிச்சல் கிடக்கட்டும். சர்டிபிகேட்?”

சினெலோ லெட்டர் பேடை இழுத்தாள். மருத்துவக் கல்லூரியில் சொல்லித் தராத வாக்கியத்தை நிதானமாக எழுதினாள்: இவருக்குக் கண்ணீர் சுரப்பது அநேகமாக நின்றுவிட்டது, துக்கம் எவ்வளவு இருந்தாலும் கண்ணில் நீர் வராமல் போகலாம். கையெழுத்துப் போட்டாள். சீலை இரண்டு இடத்தில் குத்தினாள்.

“கணவர் சாகறதுக்கு முந்தியே இந்த வியாதி இருந்துச்சுன்னு தேதியோட எழுதிடறேன். அப்பத்தான் அவங்களால மறுத்துப் பேச முடியாது. அவர் பேரு?”

“ஒக்வுதிலி.”

“இறந்த தேதி?”

ஒபியாகெலி மேஜை விளிம்பைத் தடவினாள். “அந்த இடத்தை மட்டும் காலியா விடுங்க டாக்டர்.”

பேனா நின்றது. “ஏன்?”

பதில் வருவதற்குள் கதவு திறந்தது. எலும்பும் தோலுமாக இருந்த ஒரு மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒபியாகெலி எழுந்து தன் நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள். மூச்சு அடங்கியதும் அவர் சான்றிதழைக் கையில் வாங்கி, உதடு அசைய, கடைசி வரி வரைக்கும் படித்தார்.

“இது போதும் ஒபி, இனிமே என் அக்கா தங்கச்சிங்க உன்னை ஒண்ணும் பண்ண முடியாது” என்றவர், சினெலோ பக்கம் திரும்பினார். “நான்தான் ஒக்வுதிலி, டாக்டரம்மா. தேதியை இவ அப்புறமா போட்டுக்குவா. ஈஸ்டரைத் தாண்டாதுன்னு பெரிய ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க.”