தாய்மாமனுக்கு லீவு இல்லை

"டெடிகேஷன்! இந்த ஒரு வார்த்தை மேலதான்யா உலகமே சுத்துது!" என்றார் மேனேஜர் கிருஷ்ணசாமி, போனில்.

திண்டிவனம் கிளை அலுவலகத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்ற தென்னரசுக்கு உலகம் சுற்றுவதில் ஆட்சேபணை இல்லை. அவனுக்கு வேண்டியது அரைநாள் லீவு.

"சார், தங்கச்சி பையனுக்குக் காதுகுத்து. திருவாமாத்தூர் கோயில்ல, பத்தரைக்கு முகூர்த்தம். நான்தான் தாய்மாமன். என் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும்."

"வேற மடியே கிடைக்கலையா?"

"ஒரே மாமன் சார் நானு."

"முதல்ல டெடிகேஷனுக்கு அர்த்தம் சொல்லு."

"அர்ப்பணிப்பு சார்."

"அது அகராதியில. ஆபீஸ்ல அர்த்தம், லீவு கேக்காம இருக்கறது. எங்க, வாக்கியத்துல வச்சுச் சொல்லு."

"எங்க மேனேஜர் சார் ரொம்ப டெடிகேட்டட்."

"சபாஷ்!" குரல் குளிர்ந்தது. "நானே இப்ப பனமலையில, வெயில்ல நின்னுக்கினு, விவசாயிங்களுக்குச் சொட்டுநீர்க் குழாயை விளக்கிக்கினு இருக்கேன். நீ சீட்டை விட்டு நகந்தியோ, நாளைக்கு அதுல வேற ஆளு."

டொக்கென்று போனை வைத்துவிட்டார்.

மணி ஒன்பது. வேலை போனால் வேறு வேலை தேடலாம். வேறு தங்கைக்கு எங்கே போவது? தென்னரசு பைக்கை எடுத்தான்.

கோயில் மண்டபத்தில் நான்கைந்து குடும்பங்கள் பாய் விரித்திருந்தன. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய மகனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள் தங்கை ரோஜா.

"இப்பத்தான் வர்றியாண்ணா? 'எங்கடி உன் அண்ணன்'னு என் மாமியாரு நூறு வாட்டி கேட்டாச்சு!"

"பேஜாரு பண்ணாத. காது குத்துற ஆசாரி எங்க?"

"பக்கத்துப் பாய்ல மாட்டிக்கினாரு. அந்தக் கொழந்தையோட மாமங்காரரு போனை வச்சாத்தானே இவரு ஊசியை எடுப்பாரு! அரைமணி நேரமா யார் யாருக்கோ பாடம் எடுத்துக்கினு இருக்காரு."

தென்னரசு திரும்பிப் பார்த்தான். கழுத்தில் ரோஜாமாலை, இடுப்பில் புதுப் பட்டு வேட்டி, மடியில் ஒரு மொட்டைக் குழந்தை, காதில் போன்.

"டெடிகேஷன்னா என்ன அர்த்தம் தெரியுமாய்யா?"

போன் மெல்லக் காதிலிருந்து இறங்கியது. கிருஷ்ணசாமி தென்னரசைப் பார்த்துவிட்டார்.

எழுந்துபோய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்ளலாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனால், குழந்தை வேட்டியை முழுசாக நனைத்திருந்தது.