கூட்டு ஆய்வு

"வீட்டுக்குப் பின்னால ஒரு டிரம் கிடக்குது. ஆசிட் மாதிரி தெரியுது," என்று பெரியவர் நகராட்சிக்குப் போன் செய்தார்.

"ரசாயனம்னா மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான் பாக்கணும், ஐயா."

வாரியத்தில், "வீட்டுல கிடந்தா நகராட்சி வேலை," என்றார்கள்.

"குழப்பம் வந்தா ரெண்டு ஆபீசரும் சேர்ந்து வரணும். அதுதானே விதி?" என்று கேட்டார் பெரியவர்.

பந்தாடியே பழகிய குமாஸ்தா கூட்டு ஆய்வுக்குத் தேதி குறித்தார்.

மறுநாள் இரண்டு ஜீப்புகள் வந்தன. நகராட்சி அதிகாரியும் வாரியத்துப் பெண் அதிகாரியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியவர் வெகுநாளாக எடுக்காத கோப்பைகளைக் கழுவி, மூன்று டீ போட்டு வைத்தார்.

"இடம் எங்க எல்லை," என்றார் நகராட்சி அதிகாரி.

"சரக்கு எங்களோடதான்னு பாக்கறேன்," என்று பெண் அதிகாரி கையுறை மாட்டி மூடியைத் திறந்தார். சோதனைத் தாளை நனைத்தார். நிறம் மாறவில்லை.

"அப்பா, இது வெறும் தண்ணி."

"தெரியும்மா. உங்கம்மா போனதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இந்த வாசல்படி மிதிக்கவே இல்லையே."

நகராட்சி அதிகாரியான மகன் டிரம்மருகே வந்தான். பிறகு மூடியை இறுக்கி மூடினான்.

"இதை இப்போதைக்கு அப்புறப்படுத்த முடியாது, அக்கா. மாசாமாசம் நாம ரெண்டு பேரும் வந்து பாக்கணும்."