இருபத்தேழு அங்குலம்

ஜூன் 12. திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய இரண்டு ஆல்-இன்-ஒன் கணினிகளை ஒப்பிட்டதில், அலுவலகத்துக்குப் புதிதாக வந்த கிளார்க் ஒரு விஷயத்தைக் கோட்டைவிட்டாள்.

வேகம், நினைவகம், ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் இருபத்தேழு அங்குலமே ஜெயித்தது. சோதனைக்கு வந்ததைத் தன் மேசையில் வைத்தாள்.

"எப்படிக்கா இருக்கு?"

எதிர் மேசை அக்கா வாய் திறக்கவில்லை. சின்னதே போதும் என்று சொல்லியிருந்தாள், அந்தக் கோபம்போல.

"இவ்வளவு வீம்பு ஆகாதுக்கா."

அதற்கும் பதில் இல்லை. மதியம் அக்காவே எழுந்து, கணினிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"காலையிலேருந்து ஒரு வார்த்தை பேசலையே. என்மேல கோபமா?"

"பேசிக்கிட்டேதான்கா இருக்கேன்!"

"இந்தப் பெட்டி மறைச்சா எனக்கெப்படித் தெரியும்? எனக்குக் காது கேக்காதுன்னு உனக்கு யாரும் சொல்லலையா? இத்தனை நாளும் உன் உதட்டைப் பார்த்துத்தானே பதில் சொன்னேன்."

நாளைக் காலை முதல் வேலை: இதைத் திருப்பி அனுப்பிவிட்டு, சின்னதற்கு ஆர்டர் போட வேண்டும்.