பிடிக்கிற மாதிரி

இரண்டு பாய்மரப் படகுகளும் துறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பழையதைக் காலையில்தான் ஒரு புதுத் தம்பதிக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். புதியதற்கு என் வீட்டுக்காரர் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை நாள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

நீளம் இரண்டுக்கும் ஒன்றேதான். மற்றதெல்லாம் வேறு.

பழையது ஒல்லி, ஆனால் கனம். தண்ணீருக்குள் ஆழமாக இறங்கி உட்கார்ந்திருக்கும். அலையை அறையாமல் அறுத்துக்கொண்டு போகும். உள்ளே போனால் பீரோவுக்குள் நுழைந்த மாதிரி இருட்டு. ஒருவர் சமைத்தால் இன்னொருவர் படுக்கையில் ஏறிக்கொள்ள வேண்டும். பாயை இறக்க வேண்டுமென்றால், மழையானாலும் காற்றானாலும், பாய்மரத்தடி வரை தவழ்ந்து போக வேண்டும். தவழ்ந்தது எப்போதும் நான்தான்.

புதியது பின்பக்கம் அகலமாக விரிந்தது. உள்ளே ஒரு கூடமே இருந்தது. சுற்றிலும் ஜன்னல்கள், ஃப்ரிட்ஜ், வெந்நீர். கயிறுகள் எல்லாம் ஓட்டுகிறவர் உட்காரும் இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும். என் முழங்காலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

முதல் தடவை காட்டியபோது இவர் அந்தக் கூடத்தின் நடுவில் நின்று, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, “இதுல பிடிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லையே” என்றார்.

“நான் காட்டுற எதுதான் உங்களுக்குப் பிடிச்சிருக்கு” என்றேன்.

வீடு திரும்பும் வரை நான் பேசவில்லை. அதன் பிறகும் பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்குப் பத்துக் காரணம் சொல்கிறவர், அன்றைக்கு மேல் ஒரு காரணமும் சொல்லவில்லை. பழைய படகில் போகும்போது மட்டும், “எதிர்ல என்ன வருதுன்னு சொல்லிட்டே வா” என்பார். சமாதானத்துக்குப் பேச்சுக் கொடுக்கிறார் என்று நினைத்து, வேண்டுமென்றே ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

போன வாரம் புதியதை ஓட்டிப் பார்த்தோம். நட்டநடுப் பகலில் சிவப்பு மிதவையை உரசிக்கொண்டு போனார். கூட வந்திருந்த படகுத் தரகர் பாய்ந்து சுக்கான் சக்கரத்தைத் திருப்பினார்.

“பழசுல சுக்கான் கட்டையை இடது பக்கம் தள்ளினா படகு வலது பக்கம் போகும். இதுல சக்கரம் அப்படி இல்ல பாருங்க. கை பழையபடியே பண்ணுது” என்று இவரே சொல்லிச் சிரித்தார்.

“புதுசா கல்யாணம் ஆனா அப்படித்தான் சார், கொஞ்ச நாளைக்கு எல்லாமே தலைகீழாத்தான் இருக்கும்” என்றார் தரகர்.

நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம், “உன் இஷ்டம், மாத்திக்கலாம்” என்றார். ஜெயித்துவிட்டேன் என்று அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

இன்று, கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று பழைய படகுக்குள் இறங்கினார். ஜன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். விளக்கைப் போடவில்லை. தலைக்கு மேலிருந்த கட்டை, மேசை விளிம்பு, அடுப்புக் கம்பி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே கடைசி வரை போய்த் திரும்பினார். எதிலும் இடித்துக்கொள்ளவில்லை.

“துணிக்கடைக்கு வந்த மாதிரி என்ன தடவல் வேண்டிக்கிடக்கு. வித்தாச்சு, வாங்க” என்றேன் மேலே இருந்து.

“வந்துட்டேன் தாயே.”

புதியதில் இறங்கியதும் மேசைக் காலில் முட்டியை இடித்துக்கொண்டார். தரகர் பதறிப்போனார்.

“இவ்வளவு இடம் இருந்தும் அந்த மேசைதான் கிடைச்சுதா உங்களுக்கு” என்றேன்.

இவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

தரகர் எங்களை மேலே சக்கரத்தடிக்கு அழைத்துப் போனார். சக்கரத்துக்கு முன்னால் அகலமான திரை ஒன்று பொருத்தியிருந்தார்கள். “ஆழம், காத்து, போற பாதை, எல்லாம் இதுலயே வந்துடும் சார்” என்று சொல்லிக்கொண்டே, சுவிட்ச் இருக்கும் இடத்தைத் தேடிக் கீழே குனிந்தார்.

இவர் சக்கரத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“நல்லாருக்கு. எழுத்தெல்லாம் பெருசு பெருசா, பளிச்சுன்னு தெரியுது. சரி, எடுத்துக்கலாம்.”

திரை கறுப்பாக இருந்தது. அதில் என் முகம்தான் தெரிந்தது.

தரகர் நிமிர்ந்தார். “சார், இன்னும் நான் போடவே…” என்று ஆரம்பித்தவரின் தோளைத் தொட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் இவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

பக்கத்தில் அந்தத் தம்பதி பழைய படகின் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிட்டு என்ன சொல்வது. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். படகு சத்தமில்லாமல் விலகியது.

இவர் இன்னும் திரையைவிட்டு முகத்தை எடுக்கவில்லை. யாரும் பேசாததால் கழுத்து மட்டும் லேசாக என் பக்கம் சாய்ந்திருந்தது.

“ஆழம் பன்னிரண்டு அடி காட்டுது” என்றேன்.

“அதைத்தான் நானும் பார்த்துட்டிருக்கேன்” என்றார்.