வெள்ளிக்கிழமை மீன்

தூண்டில் ரீலைப் பக்கத்து வீட்டு மூக்கனிடம் நீட்டினாள் அருளம்மாள்.

“வெள்ளைக்காரத் தொரை எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்ததுண்ணே. அவரு கம்மாயில மூழ்கிப் போனதுலேருந்து ஏழு வருசமாப் பொட்டியிலயே பூட்டிக் கெடக்கு. மாதா கோயிலுக்குப் போற வேதக்காரவுகளுக்கு வெள்ளிக்கிழமை கறி ஆகாதுன்னு வாராவாரம் எங்க கொல்லைப் படியில மீன் வச்சிட்டுப் போறீங்களே, அதுக்குத்தான்.”

மூக்கன் கைப்பிடியைச் சுற்றினான். வெண்ணெயாய் வழுக்கி ஓடியது.

“சும்மா கெடந்தா இறுகிப் போயிருக்கும், தங்கச்சி. பொழங்கப் பொழங்கத்தான் நல்ல ரீலு முப்பது வருசம் ஒழைக்கும். இது வாராவாரம் தண்ணியப் பாத்த ரீலு.”

“சாவி எங்கிட்டல்ல இருக்கு!”

மூக்கன் நூலைத் தொட்டான். விரலில் ஈரம் ஒட்டியது. ரீலை மெல்லக் கீழே வைத்தான்.

“நான் ஒருநாளும் மீன் வச்சதில்லையே, தங்கச்சி.”

உள்ளே அடுப்பில், காலையில் படியில் துள்ளிய விரால் குழம்பாய்க் கொதித்துக்கொண்டிருந்தது.